பேர் சொல்லாததின் பயணம்

கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில் கொரட்டகெரெ என்றொரு வட்டம். அந்தப் பக்கத்து வயல்களில் சிலவற்றைச் சாலையிலிருந்து பார்த்தால் நெல் என்றுதான் தோன்றும். சேற்று உழவு, வரப்பு கட்டித் தேக்கிய தண்ணீர், நெருக்கமாக எழுந்து நிற்கும் பச்சைத் தாள். கதிர் எங்கே என்று தேடும்போதுதான் சந்தேகம் வரும். ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கினால் அந்தச் சந்தேகமும் தீர்ந்துவிடும். பிள்ளை பெற்ற வீட்டு வாசனை விரலில் ஏறும். வசம்பு.

அந்த வசம்பு சேற்றை விட்டுக் கிளம்பி ஓர் உளுந்து விதை வாளிக்குள் போய்ச் சேருகிற கதை இது. குழந்தை மருந்தாக அதன் பெருமையைப் பலர் எழுதிவிட்டார்கள். விதைக்குக் காவலாக அது செய்கிற வேலையைப் பற்றிப் பேச்சு குறைவு. பூச்சிக்குப் பகையான செடி என்றாலே நமக்கு வேம்புதான் நினைவுக்கு வருகிறது. வந்தால் தப்பில்லை. பூஞ்சணத்துக்கு எதிராக வேப்பெண்ணெயைப் பயன்படுத்தும் முறைக்கென்று அமெரிக்க வேளாண் துறையும் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனமும் 1994இல் வாங்கிய ஐரோப்பியக் காப்புரிமை, 2000இல் ரத்தாகி, 2005இல் மேல்முறையீட்டிலும் தோற்றுப்போனது. உலகமே திரும்பிப் பார்த்த மரம் அது. ஆனால் பயறு மூட்டைக்குள் இரண்டு கொத்து வேப்பிலையைச் செருகிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். வேம்பின் வீரியம் கொட்டையில் இருக்கிறது. காய்ந்த இலையில் அது சொற்பம். பயறு வண்டு அந்த இலையின் மேலேயே நடந்து போவதைப் பார்க்கலாம்.

வசம்புக்கு வருவோம்.

ஆனி, ஆடியில் நடுகிறார்கள். நடுவது விதை அல்ல, கிழங்கு. போன வருடத்துக் கிழங்கில் முளை இருக்கும் துண்டுகளை எடுத்து, ஓர் அடிக்கு ஒன்றாகச் சேற்றில் ஊன்றுகிறார்கள். தண்ணீர் வற்றக் கூடாது. கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்து இலை மஞ்சளிக்கும்போது தண்ணீரை வடித்துவிட்டு மண்வெட்டியால் தோண்டுகிறார்கள். சேற்றுக்கு அடியில் கிழங்கு கிடைமட்டமாகக் கொடி ஓடியிருக்கும். அலசி, விரல் நீளத்துக்கு நறுக்கி, வெயிலில் பரப்பி, காய்ந்த பிறகு சாக்கில் போட்டுத் தேய்த்தால் சல்லி வேர்கள் உதிர்ந்துவிடும். மிஞ்சுவதுதான் நாட்டு மருந்துக் கடையில் நாம் வாங்குகிற பழுப்பு நிறத் துண்டு. மேல்பக்கம் இலை உதிர்ந்த தழும்புகள் வரிவரியாகச் சுற்றியிருக்கும். அடிப்பக்கம் வேர் அறுந்த புள்ளிகள். உடைத்தால் உள்ளே வெளுப்பாக, கொஞ்சம் பஞ்சு பாய்ந்தது மாதிரி இருக்கும்.

விதையை நடாததற்குக் காரணம் உண்டு. வசம்பில் பல வகை. மரபுப் பொருள் மூன்று மடங்காக இருக்கும் வகை பூத்தாலும் விதை பிடிக்காது. இமயமலைச் சாரலிலும் ஐரோப்பாவிலும் இருப்பது பெரும்பாலும் இந்த மலட்டு வகைதான். ஐரோப்பாவுக்கு அது தானாகப் போகவில்லை. துருக்கியிலிருந்து வந்த உயிர்க்கிழங்கை 1574 வாக்கில் வியன்னாவில் வளர்த்தவர் கரோலஸ் க்ளூசியஸ் என்ற தாவரவியலாளர். அவர் நண்பர்களுக்குக் கொடுத்தனுப்பிய துண்டுகள் அங்கங்கே குளக்கரைகளில் பிடித்துக்கொண்டன. 1753இல் லின்னேயஸ் அதற்கு அக்கோரஸ் கலாமஸ் என்று பெயர் வைத்தார். நெல், கரும்பு, தென்னை, வாழை எல்லாம் அடங்கிய ஒருவித்திலைக் குடும்ப மரத்தில் மிக முன்னால் தனியாகப் பிரிந்துபோன கிளை இந்த வசம்பு வம்சம்தான் என்று இன்றைய மரபணு ஆய்வுகள் சொல்கின்றன. ஊரார் பிள்ளையையும் ஊரார் விதையையும் காப்பாற்றுகிற செடிக்குச் சொந்தமாக விதை இல்லை.

இந்த வகைப் பிரிவு வெறும் தாவரவியல் அல்ல. வசம்பின் வேலை முழுவதும் அதன் எண்ணெயில் இருக்கும் பீட்டா அசரோன் என்ற பொருளால் நடக்கிறது. வட அமெரிக்காவிலும் சைபீரியாவிலும் உள்ள இரு மடங்கு வகையில் அது இல்லவே இல்லை. ஐரோப்பிய வகையில் கொஞ்சம். நம் நாட்டு வசம்பு எண்ணெயிலோ பெரும்பங்கு அதுதான். அதனால் அங்கே மிட்டாய்க்கும் மதுவுக்கும் வாசனை கூட்டிய செடியும், இங்கே வண்டைக் கட்டிப்போடுகிற செடியும் பெயரளவில் ஒன்று, குணத்தில் வேறு.

காய்ந்த கிழங்கு சாக்கில் ஏறி மொத்த வியாபாரிகளிடம் போகிறது. விருதுநகர், சென்னைப் பூங்கா நகரின் ராசப்ப செட்டி தெரு, ஒவ்வோர் ஊர்க் கடைவீதியிலும் சுக்கு மிளகு திப்பிலிக்கு நடுவே இருக்கும் நாட்டு மருந்துக் கடை. கடையில் அதைத் தனியாகக் கேட்டு வாங்குகிறவர்கள் இரண்டு வகை. பிள்ளை பிறந்த வீட்டுக்காரர்கள் ஒரு வகை. அவர்கள் பொழுது சாய்ந்த பிறகு கேட்க நேர்ந்தால் ‘பேர் சொல்லாதது’ என்பார்கள், கடைக்காரருக்கும் புரியும். இன்னொரு வகை பங்குனி, சித்திரையில் வருகிற விவசாயிகள். முன்னவருக்கு இரண்டு துண்டு போதும். பின்னவர் கால் கிலோ, அரைக் கிலோ கேட்பார்.

மூன்றாவதாக ஒரு வாடிக்கையாளர் உண்டு. தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகம். அங்கே ஓலைச்சுவடிகளும் பழைய காகிதச் சுவடிகளும் அடுக்கியிருக்கும் பெட்டிகளில் சிறு துணி முடிப்புகள் கிடக்கும். வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு, பட்டை இவற்றை இடித்து, கற்பூரமும் சேர்த்துக் கட்டிய முடிப்பு. வாசனை மங்கியதும் மாற்றிவிடுவார்கள். புத்தகப் பூச்சியும் பயறு வண்டும் வேறு வேறு சாதி. ஆனால் மூடிய பெட்டிக்குள் ஆவியாகப் பரவும் மருந்து என்ற உபாயம் இரண்டு இடத்திலும் ஒன்றே. மூடிய பெட்டி என்பதை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இனி வசம்பு போய்ச் சேரும் வீட்டுக்குள் நுழையலாம். காவிரிப் படுகையில் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் சரி. சம்பா, தாளடி அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது, நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தை வீசி விதைப்பார்கள். வயல் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும். அறுப்புக்காரர்கள் கால்பட்டு விதை மண்ணில் அமுங்கும். பிறகு மழையும் இல்லை, பாசனமும் இல்லை. பனியையும் மண்ணின் மிச்ச ஈரத்தையும் குடித்தே 70 நாள் சொச்சத்தில் உளுந்து விளைந்துவிடும். தையில் விதைத்தது பங்குனியில் களத்துக்கு வரும். அடுத்த விதைப்பு அடுத்த தையில். நடுவே ஒன்பது மாதம். ஏக்கருக்கு 10, 12 கிலோ விதை வேண்டும். அந்த 10, 12 கிலோவை ஒன்பது மாதம் உயிரோடு வைத்திருப்பதுதான் பிரச்சினை.

எதிரி யார்? 3, 4 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு பழுப்பு வண்டு. பயறு வண்டு என்போம். அதில் இரண்டு இனம் நம் ஊரில் முக்கியம். ஒன்றுக்கு லின்னேயஸ் 1758இலும் மற்றொன்றுக்கு ஃபேப்ரீஷியஸ் 1775இலும் பெயர் சூட்டினார்கள். அரிசியில் வரும் கூன்வண்டு முற்றிய பருவத்திலும் தின்றுகொண்டே இருக்கும். பயறு வண்டு அப்படி இல்லை. சேமிப்பில் முற்றிய வண்டு எதையும் தின்பதில்லை. ஒன்றிரண்டு வாரம்தான் ஆயுசு. அந்த நாட்களில் அதற்கு இணை சேர்வதும் முட்டை வைப்பதும் தவிர வேறு சோலி கிடையாது. ஒரு பெண் வண்டு 80, 100 முட்டை வரை வைக்கும்.

வைக்கும் விதம் பார்க்க வேண்டியது. வழவழப்பான முழு விதையாகத் தேடி, மேலே ஏறி அளந்து பார்ப்பதுபோல் நடந்து, ஒரு முட்டையைப் பசை போட்டு ஒட்டும். ஏற்கெனவே முட்டை இருக்கிற விதையைக் கூடுமான வரை தவிர்க்கும். இடத்துக்குத் தட்டுப்பாடு வந்தால்தான் ஒன்றின்மேல் இரண்டு, மூன்று என்று ஒட்டும். முட்டை முதலில் கண்ணாடி மாதிரி இருக்கும். கறுப்பு உளுந்தின் மேல் அதைக் காண்பது கஷ்டம். சில நாளில் அந்த இடத்தில் வெள்ளைப் பொட்டு தெரிய ஆரம்பிக்கும். பொட்டு வெளுத்துவிட்டது என்றால் புழு முட்டைக்குள் இல்லை. முட்டைக்கு நேர் கீழே தோலைத் துளைத்து விதைக்குள் போய்விட்டது; துளைத்த தூளைத்தான் பின்னால் முட்டைக் கூட்டில் தள்ளியிருக்கிறது. அதன்பிறகு வெளிச்சம் பார்க்காமலே பருப்பைத் தின்று, தோலுரித்து, கூட்டுப்புழுவாகி, வட்டமாக ஒரு மூடியை அரிந்து தள்ளிவிட்டு வண்டாக வெளியே வரும். வெயில் காலத்தில் முட்டை முதல் வண்டு வரை 25, 30 நாள். பங்குனி முதல் மார்கழி வரை கணக்குப் போட்டால் எட்டு ஒன்பது தலைமுறை.

இதில் விவசாயி கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. வண்டு வீட்டில் பிறப்பதில்லை, வயலிலிருந்தே வருகிறது. காய் முற்றும்போதே பறந்து வந்து நெற்றின்மேல் முட்டை வைத்துவிடுகிறது. களத்தில் அடித்துத் தூற்றி மூட்டை பிடிக்கும்போது சில விதைகளுக்குள் புழு ஏற்கெனவே குடியிருக்கும். வெளியில் பார்த்தால் குறையே தெரியாது. ‘போன வருஷம் நல்லாத்தான் கட்டி வெச்சேன், எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியல’ என்கிற புலம்பலுக்கு விடை இதுதான்.

நான் பார்த்த வீட்டில் இந்த வேலை ஒரு பெரியம்மாவின் பொறுப்பு. உளுந்தைச் சிமெண்டுக் களத்தில் மெல்லிசாகப் பரப்பிக் காலால் கோடு இழுத்துக்கொண்டே இருந்தார். சித்திரை வெயில். இரண்டு நாள் காய்ந்திருந்தது. ஒரு விதையை எடுத்துக் கடித்தார். “டக்குன்னு ஒடையணும் தம்பி. பல்லு பதிஞ்சா இன்னும் காயணும்” என்றார். உளுந்து விதைக்கு அரசின் சான்று விதிகள் வைத்திருக்கும் ஈரப்பத வரம்பு 9 சதவீதம், முளைப்புத்திறன் குறைந்தது 75 சதவீதம். பெரியம்மாவின் பல்லுக்கு 9 சதவீதம் எது என்று தெரியும்.

வசம்பை அவர் முந்தின நாளே உடைத்துக் காயவைத்திருந்தார். உரலில் இடிபடும்போது நார் நாராகத்தான் போகும், லேசில் பொடியாகாது. இடித்ததைப் பழைய வேட்டித் துணியில் சலித்தார். எழும்பிய தூசியில் எனக்கு அடுக்குத் தும்மல். அவர் முந்தானையால் மூக்கைக் கட்டியிருந்தார். கிலோவுக்கு 10 கிராம் என்பது வேளாண் துறையினர் சொல்லும் பரவலான அளவு. நூற்றுக்கு ஒன்று. அவரிடம் தராசு இல்லை. ஒரு மரக்காலுக்கு இத்தனை கை என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார். உளுந்தின் தோல் வழுக்கும், பொடி ஒட்டாது. அதனால் முதலில் உள்ளங்கையில் ஆமணக்கெண்ணெய் ஊற்றி, விதையை அள்ளி அள்ளிப் பிசறினார். மினுக்கம் வந்ததும் பொடியைத் தூவி முறத்தில் புரட்டினார். கறுப்பு விதை சாம்பல் நிறமாக மாறியது.

“இந்த எண்ணெய் எதுக்குங்க, பொடி ஒட்டறதுக்கா?”

“அதுக்குந்தான். எண்ணெய்ப் பசை இருந்தா வண்டுக்குக் கால் வழுக்கும், முட்டை நிக்காதுன்னு எங்க மாமியா சொல்லுவாங்க.”

மாமியார் சொன்னது பெரும்பாலும் சரி. நைஜீரியாவின் இபாதான் நகரில் உள்ள சர்வதேச வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தினர் தட்டைப்பயறில் கடலை எண்ணெயைப் பிசறிப் பார்த்த ஆய்வு 1978இல் வெளிவந்தது. அதே ஆண்டில் கொலம்பியாவிலிருந்து பீன்ஸ் விதைக்கு வேறு வேறு சமையல் எண்ணெய்களைச் சோதித்த ஆய்வும் வந்தது. கிலோவுக்கு 5 மில்லி அளவிலேயே நல்ல பலன் இருந்தது. காரணம் பிறகு துலங்கியது. முட்டையின் ஒரு முனையில் காற்றுப் போகவர நுண்ணிய குழாய் ஒன்று இருக்கிறது. எண்ணெய்ப் படலம் அதை அடைத்தால் உள்ளே இருக்கும் கரு மூச்சுத் திணறிச் செத்துவிடும். எண்ணெய் விஷமாக இருக்க வேண்டும் என்றே இல்லை. துவரைக்கு நம் பக்கத்தில் செம்மண் கட்டி வைப்பதும், சாம்பல் கலப்பதும் ஏறக்குறைய இதே தர்க்கம்தான். விதையின் வழவழப்பைக் கெடுத்துவிட்டால் முட்டைக்கு இடம் போய்விடுகிறது. துவரையைத் தோல் நீக்கிப் பருப்பாக உடைத்து வைத்தால் இந்த வண்டுக்குப் பிடிக்காமல் போவதும் அதனால்தான். ஆனால் பருப்பை விதைக்க முடியாது. விதைக்காரருக்கு அந்த வழி அடைபட்டது.

ஆக, எண்ணெய் முட்டையைப் பார்த்துக்கொள்கிறது. வசம்பு யாரைப் பார்த்துக்கொள்கிறது? தாய் வண்டை.

இதைத் துப்புத் துலக்கிய இடம் ஜம்மு. அங்கே இருந்த மண்டல ஆராய்ச்சி ஆய்வகத்தில் பி. பி. சாக்சேனா, ஓ. கௌல், கே. டிக்கு, சி. கே. அடல் ஆகிய நால்வர் வசம்பு எண்ணெயைப் பிரித்துச் சோதித்து, 1977 இறுதியில் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். பூச்சியை மலடாக்கும் பொருள் வசம்பில் இருக்கிறது, அது பீட்டா அசரோன் என்பது அதன் சாரம். அந்த ஆவி பட்ட பெண் பூச்சியின் சூலகத்தில் முட்டை வளர்ச்சி தடைப்பட்டு, வளர்ந்தது தேய்ந்துபோகிறது. பூச்சியைக் கொன்றுதான் ஆக வேண்டும் என்பதில்லை, அதன் வம்சத்தை நிறுத்தினால் போதும். அடுத்தடுத்த ஆண்டுகளில் பயறு வண்டின்மேல் வசம்புப் பொடியையும் எண்ணெயையும் சோதித்தவர்கள், முற்றிய வண்டு சாவதையும் முட்டை குறைவதையும் வைத்த முட்டை பொரிக்காமல் போவதையும் கண்டார்கள்.

நம்மூர்க் கட்டுரைகள் வழக்கமாக இந்த இடத்தில் பாட்டிக்கு ஒரு கைதட்டலோடு முடிந்துவிடும். வசம்பின் பயணத்தில் இன்னொரு ஊர் பாக்கி இருக்கிறது, அது அவ்வளவு சுகமான ஊர் அல்ல.

ஜம்முக் கட்டுரை வருவதற்குப் பத்து வருடம் முன்பு அமெரிக்காவில் எலிகளுக்கு வசம்பு எண்ணெயை உணவில் கலந்து நீண்ட நாள் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டதும் ஜம்மு வகை எண்ணெய்தான். எலிகளின் சிறுகுடலில் கட்டிகள் தோன்றின. 1968இல் அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகம் வசம்பையும் அதிலிருந்து எடுக்கும் எதையும் உணவில் சேர்க்கத் தடை விதித்தது. அந்தத் தடை இன்றும் அங்கே அமலில் உள்ளது. குற்றவாளி யார் என்று கேட்டால், அதே பீட்டா அசரோன். வண்டைக் கட்டிப்போடுகிற கைதான் எலியின் குடலிலும் வேலை காட்டியது.

எலிக்குக் கொடுத்த அளவு வேறு, நாம் சுட்டுக் குழைத்துத் தடவும் அளவு வேறு என்று வாதிடலாம். பிள்ளைக்கு வசம்பு கொடுப்பதா கூடாதா என்பது குழந்தை மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி. நான் அதற்குள் போகவில்லை. என் கவலை விதை வாளியைப் பற்றியது. சிறு விவசாயி வீட்டில் விதை உளுந்தும் சாப்பாட்டு உளுந்தும் ஒரே களத்தில் பிறந்தவை. ஐப்பசியில் தீபாவளிக்கு வடை சுட உளுந்து குறைந்தால் விதை வாளிக்குள் கை போகும். விதைத்தது போக மிச்சம் இருந்தால் அதுவும் அலசி ஊறப்போடப்படும். ‘மூலிகைதானே, ஒண்ணும் பண்ணாது’ என்ற நம்பிக்கை அந்தக் கையைத் தடுப்பதில்லை. ரசாயனத் தூள் கலந்த விதையைத் தொடப் பயப்படுகிற அதே வீட்டில், செடியிலிருந்து வந்த பூச்சிக்கொல்லிக்குப் பயம் கிடையாது. செடியிலிருந்து வந்தால் சாது என்ற இந்த எண்ணம்தான் தாவரப் பூச்சிக்கொல்லிகளைப் பற்றி நம்மிடம் இருக்கும் மிகப் பெரிய குழப்பம் என்பேன். பூச்சிக்கு ஒன்று செய்ய வல்ல பொருள் மனிதனுக்கு ஒன்றுமே செய்யாது என்று யாரும் நமக்கு எழுதித் தரவில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வசம்பை ஒதுக்கிவிட்டால் அந்த இடத்தில் என்ன வரும்? பல ஊர்களில் வந்தது அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. காற்றின் ஈரம் பட்டதும் பாஸ்பீன் வாயுவாக மாறும் பொருள். அதை அரசு அமைப்புகளும் பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்களும்தான் கையாளலாம் என்பது இந்தியச் சட்டம். கிடங்குக்கு உரியது, படுக்கையறை மூலையில் இருக்கும் சாக்குக்கு உரியது அல்ல. அந்த மாத்திரையோடு ஒப்பிட்டால் 12 கிலோ விதைக்கு வேண்டிய 120 கிராம் வசம்புப் பொடி எவ்வளவோ மேல். விதைக்கு அது ஏற்ற மருந்து. முளைப்பைக் கெடுக்காது, விதைக்கும்போது கையில் பட்டால் கழுவிக்கொள்ளலாம், மண்ணில் விழுந்தால் மக்கிப்போகும்.

ஆனால் அதனால் முடியாததும் உண்டு. முட்டையிலிருந்து இறங்கி விதைக்குள் ஏற்கெனவே புகுந்துவிட்ட புழுவை வசம்புப் பொடி அவ்வளவாகத் தொடாது. அதைத் தொடுவது வெயில். ஆப்பிரிக்கத் தட்டைப்பயறு விவசாயிகளுக்காக வழி தேடிய அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தினர், கறுப்புத் தாள்மேல் விதையைப் பரப்பி மேலே கண்ணாடித் தாள் போர்த்தி வெயிலில் வைத்தால் உள்ளே ஏறும் சூட்டில் புழு, முட்டை, வண்டு எல்லாம் செத்துப்போவதைக் காட்டினார்கள். 57 டிகிரி செல்சியஸ் ஒரு மணி நேரம் நின்றால் போதும். அதே குழுவினர் பிறகு காற்றுப் புகாத மூன்று அடுக்குப் பைகளையும் மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே இருக்கும் பிராணவாயு தீர்ந்ததும் வண்டு தானாக அடங்கிவிடும், மருந்தே வேண்டாம்.

பெரியம்மாவின் வீட்டில் பானை போய்விட்டது. குதிரும் இல்லை. 20 லிட்டர் பெயிண்ட் வாளிதான். விதையைக் கழுத்து வரை நிரப்பி, மூடியை அழுத்தி, மேலே ஏறி உட்கார்ந்து மூடினார். பார்க்கச் சிரிப்பாக இருந்தாலும் செய்தது சரியான காரியம். வாளி நிறைய விதை இருந்தால் காற்றுக்கு இடம் குறைவு. மூடி இறுக்கமாக இருந்தால் வசம்பின் ஆவி வெளியே போகாது. சரசுவதி மகால் பெட்டியின் கதைதான் இதுவும். இதையே சாக்கில் கட்டியிருந்தால் ஒரு மாதத்தில் வாசனையும் போயிருக்கும், வேலையும் போயிருக்கும். முழு வசம்புத் துண்டை நாலைந்து போட்டு வைப்பவர்களுக்கும் இதே கதி. துண்டுக்குள் இருக்கிற எண்ணெய் துண்டுக்குள்ளேயே இருக்கும், விதைக்கு வந்து சேராது. கடையில் பொடியாகவே வாங்குவதும் எனக்கு உடன்பாடில்லை. எப்போது இடித்ததோ, என்ன கலந்ததோ. முழுக் கிழங்காக வாங்கி, வேண்டும்போது இடிப்பதே நல்லது.

புரட்டாசியில் ஒருமுறை வாளியைத் திறப்பார்களாம். மழைக்கு முன் கிடைக்கும் நல்ல வெயிலில் ஒருநாள் காயவைத்து, புதிதாக இடித்த பொடி தூவி மறுபடி மூடுவார்கள். தையில் எடுத்து, ஈரத் துணியில் நூறு விதை முடிந்து வைத்து, எத்தனை முளைத்தது என்று எண்ணிப் பார்த்துவிட்டு வயலுக்கு அனுப்புவார்கள். பொடியோடு சேர்ந்தே விதை சேற்றில் விழும்.

கொரட்டகெரெச் சேற்றில் தோண்டிய கிழங்கு காவிரிச் சேற்றில் கலக்கிற வரைக்கும் வந்துவிட்டோம். இந்தப் பங்குனியில் உளுந்தோ பயறோ விதைக்கு எடுத்து வைக்கப் போகிறவர்களுக்கு என் பங்குக்குச் சொல்வது இவ்வளவுதான். அடித்த கையோடு மூட்டை பிடிக்காமல், பல்லில் டக்கென்று உடைகிற வரை வெயிலில் காயவையுங்கள். பாதி வண்டு அங்கேயே ஒழியும். எண்ணெய், வசம்பு, இறுக்கமான மூடி என்று மூன்றையும் சேர்த்துச் செய்யுங்கள், ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம். வாளியின்மேல் ‘விதை, சமையலுக்கு அல்ல’ என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். சமையலுக்கு வேண்டியதைத் தனி டப்பாவில், வசம்பு படாமல் வையுங்கள். தையில் மிஞ்சும் விதையைக் கிரைண்டருக்கு அனுப்பாமல் வரப்பு ஓரத்தில் தூவிவிடுங்கள்.